ஏலத்தில் பிழைத்த மாளிகை

1875ஆம் ஆண்டு, பாரிஸுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், மெலன் நகரை அடுத்த ஒரு பண்ணை நிலம் மாளிகையோடு சேர்த்து ஏலத்துக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது வருஷமாகப் புழக்கம் இல்லாத மாளிகை. அறைகள் வெறுமையாகக் கிடந்தன, வெளிக்கட்டடங்களில் சில இடிந்திருந்தன. ஒரு காலத்தில் ஐரோப்பாவே வியந்த தோட்டத்தில் புதர் மண்டிப் பாதைக்கும் பாத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதன் பெயர் வோ-லெ-விகோம்ட்.

பழைய மாளிகை வாங்க அது நல்ல காலமும் அல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால்தான் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் போரில் தோற்று, ஐந்நூறு கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. செயின்ட் க்ளூ அரண்மனை 1870இல் எரிந்தது. பாரிஸின் நடுவே இருந்த துய்லரி அரண்மனையை 1871இல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியின் போராளிகள் கொளுத்தினார்கள். அதன் கரிந்த சுவர்கள் அப்போதும் நின்றுகொண்டிருந்தன. அரசர்களின் அரண்மனைக்கே இந்தக் கதி என்றால், தனியார் மாளிகை ஒன்று போனால் அழ யார் இருந்தார்கள்?

இப்படிப்பட்ட சொத்தை வாங்குகிறவருக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. கட்டடத்தை இடித்துக் கல்லை விற்கலாம், மரங்களை வெட்டி விற்கலாம், மிச்ச நிலத்தை உழலாம். போட்ட பணம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு எத்தனையோ மாளிகைகள் இந்தக் கணக்கில் போயிருக்கின்றன. பாரிஸுக்குத் தெற்கே சோ என்ற இடத்தில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் கட்டிய மாளிகையும் அப்படித்தான் போயிற்று. புரட்சி அரசு அதைத் தேசியச் சொத்தாக்கி விற்றது. வாங்கிய வியாபாரி மாளிகையை இடித்தார், தோட்டத்தை வயலாக்கினார். இன்று சோவில் நிற்கும் மாளிகை 19ஆம் நூற்றாண்டில் வேறொருவர் கட்டியது.

கோல்பேரின் வீட்டை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. வோ மாளிகையைக் கட்டியவரைச் சிறைக்கு அனுப்பியதில் பெரும் பங்கு கோல்பேருடையது. எதிரிகள் இருவரின் வீடும் பின்னாளில் விற்பனைக்கு வந்தன. ஒன்று தரைமட்டமானது, மற்றொன்று இன்றும் நிற்கிறது. ஒரு மாளிகைக்குத் தீயையும் போரையும்விட ஆபத்தான நேரம் அது கைமாறும் நேரம் என்றே நினைக்கிறேன். வோ மாளிகை அந்த ஆபத்தைப் பல முறை கடந்திருக்கிறது.

நிக்கோலா ஃபூக்கே இந்த நிலத்தை 1641இல் வாங்கியபோது அவருக்கு வயது 26. அரசுப் பணியில் வேகமாக ஏறிக்கொண்டிருந்த இளைஞர். 1653இல் நாட்டின் நிதித்துறைத் தலைவரானார். ஸ்பெயினோடு நடந்த நீண்ட போர் கஜானாவைக் காலி செய்திருந்தது. அரசருக்குக் கடன் கொடுக்க ஆளில்லை, ஃபூக்கேயை நம்பிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர் தன் பெயரில் கடன் வாங்கி அரசை நடத்தினார். அரசின் பணம் எது, அவர் பணம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை அப்படித்தான் வந்தது. அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்கு மேலே இருந்த முதலமைச்சர் கார்டினல் மசரான் அதே வழியில் அவரைவிடப் பெரிய சொத்தைச் சேர்த்துவிட்டு, 1661 மார்ச்சில் படுக்கையில் நிம்மதியாக இறந்தார்.

மாளிகை வேலை 1656இல் தொடங்கியது. ஃபூக்கே செய்த பெரிய காரியம் மூன்று பேரைச் சேர்த்துப் பிடித்ததுதான்: கட்டடத்துக்கு லூயி லெ வோ, உள் அலங்காரத்துக்கு ஷார்ல் லெ ப்ரன், தோட்டத்துக்கு அந்த்ரே லெ நோத்ர். ஆளுக்கொரு பக்கம் வேலை செய்து முடிவில் ஒட்டுப்போட்டதாக இல்லாமல், வீடும் தோட்டமும் ஒரே வரைபடத்திலிருந்து எழுந்தன. மாளிகையிலிருந்து தோட்டத்தின் ஊடே நீளும் நடுக்கோட்டுக்காக அங்கிருந்த குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, ஒரு சிற்றாறு திருப்பப்பட்டுக் கால்வாயானது. திரைச்சீலைகள் நெய்யப் பக்கத்துக் கிராமமான மேன்ஸியில் ஒரு தறிக்கூடமே வைத்தார்கள். சுவர்களில் அங்கங்கே அணில்களைச் செதுக்கினார்கள். அணில் ஃபூக்கே குடும்பத்தின் சின்னம்.

1661 ஆகஸ்ட் 17 அன்று அரசர் பதினான்காம் லூயி விருந்துக்கு வந்தார். அவருக்கு இன்னும் 23 முடியவில்லை. மோலியேர் புதிதாக எழுதிய நாடகம் ஒன்று அன்று தோட்டத்தில் முதன்முதலாக அரங்கேறியது. ஊற்றுகள் பாய்ந்தன, இரவில் வாணவேடிக்கை. கவிஞர் ல ஃபோந்தேன் அங்கிருந்தார், நண்பருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அரசருக்கென்று ஒரு படுக்கையறை தயாராக இருந்தது. அவர் அதில் படுக்காமல் அன்றிரவே ஃபோந்தேன்புளோ அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். மூன்றே வாரத்தில், செப்டம்பர் 5 அன்று, நாந்த் நகரில் தார்த்தான்யான் என்ற படைத்தலைவர் ஃபூக்கேயைக் கைது செய்தார். அன்று அரசருக்குப் பிறந்த நாள்.

அந்த விருந்தின் ஆடம்பரம் கண்டு அரசர் பொறாமையில் வெகுண்டார், அதனால் ஃபூக்கே அழிந்தார் என்றுதான் கதை சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதைவிடக் குளிர்ந்த காரியம். கைது முடிவு விருந்துக்குப் பல வாரம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஃபூக்கே பாரிஸ் பார்லமென்ட் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞரும்கூட. அந்தப் பதவி இருக்கும்வரை அந்த நீதிமன்றம் தவிர வேறெதுவும் அவரை விசாரிக்க முடியாது. அன்றைய பிரான்ஸில் பதவிகளும் வாங்கி விற்கும் சொத்துகள்தாம். அதை விற்றுவிடும்படி அவரை நயமாகப் பேசி இணங்கவைத்தார்கள். அவர் அந்தக் கோடையில் விற்றார், கிடைத்த தொகையில் பெரும்பகுதியை அரசருக்கே கொடுத்தார். தன்னைக் காத்துநின்ற கவசத்தைத் தானே கழற்றிக் கொடுத்தபின்தான் விருந்துக்கு அழைத்தார். இந்த மாளிகையின் வரலாற்றில் எத்தனையோ விற்பனைகள் உண்டு. அவற்றில் நெஞ்சை அடைக்கிறது இதுதான்.

விசாரணை மூன்று ஆண்டு நடந்தது. நீதிபதிகள் 1664இல் நாடுகடத்தல் தண்டனை கொடுத்தார்கள். அரசர் அதை ஆயுள் சிறையாகக் கூட்டினார். தண்டனையைக் குறைப்பதற்கென்று அரசருக்கு இருந்த அதிகாரம் இங்கே கூட்டுவதற்குப் பயன்பட்டது. ஆல்ப்ஸ் மலையடியில் பிக்னெரோல் கோட்டையில் அடைபட்டு 1680இல் ஃபூக்கே இறந்தார். இரும்பு முகமூடி மனிதன் என்று கதைகளில் வரும் கைதி அங்கே சில காலம் அவருக்குப் பணியாளாக இருந்தவன் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

மாளிகையை முத்திரையிட்டார்கள். பிறகு அதிலிருந்து பொருள்கள் கிளம்பின. நெசவுச் சித்திரத் திரைகள், சிலைகள், ஆரஞ்சு மரங்கள் என்று பலவும் அரசரிடம் போய்ச் சேர்ந்தன. சில பறிமுதலாக, சில விலை கொடுத்து. ஓவியர் பூஸ்ஸான் ரோமில் இந்தத் தோட்டத்துக்கென்று வடிவமைத்துக் கொடுத்த கல் உருவங்கள் இன்று வெர்சாய் தோட்டத்தில் நிற்கின்றன. மேன்ஸி தறிக்கூடத்தின் நெசவாளர்கள் பாரிஸுக்குப் போய், கோபலான் அரசுக் கூடத்தில் சேர்ந்தார்கள். மனிதர்களிலும் பெரியவர்கள் போனார்கள். லெ வோ, லெ ப்ரன், லெ நோத்ர் மூவரும் அரசரின் வெர்சாயைக் கட்டினார்கள். வோ மாளிகையின் நீள்வட்டக் கூடத்தின் குவிமாடத்துக்கு லெ ப்ரன் ஒரு பிரம்மாண்டமான சூரிய அரண்மனை ஓவியத்தை வரைந்து தயாராக வைத்திருந்தார். அது கடைசிவரை கூரையேறவில்லை.

இவ்வளவு போனபின்னும் வீடு நின்றதற்குக் காரணம் ஃபூக்கேயின் மனைவி மரி-மதலேன். கணவர் சிறையில், சொத்து கடன்காரர்கள் கையில். அந்த அம்மாள் விடாமல் போராடி 1673 வாக்கில் வோவைத் திரும்பப் பெற்றார், மகன் பெயரில் வைத்தார். விருந்தைப் பற்றி நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். இவரைப் பற்றி ஒரு வரி எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அது பெருங்குறையாகப் படுகிறது. 1705இல் மூத்த மகன் வாரிசில்லாமல் இறந்தார். அந்த வருஷமே தாய் மாளிகையை விற்றார்.

வாங்கியவர் மார்ஷல் வில்லார், போர்க்களத்தில் பெயர் வாங்கிய தளபதி. மாளிகைக்குத் தன் பெயரைச் சேர்த்து வோ-வில்லார் ஆக்கினார். அவருக்குப் பின் மகன். அந்தக் குடும்பத்தின் காலத்தில்தான் ஊற்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஈயக் குழாய்களைத் தோண்டி எடுத்து விற்றார்கள். ஊற்று என்றால் செலவு, ஈயம் என்றால் காசு. லெ நோத்ரின் தோட்டம் அன்று ஊமையானது.

1764இல் மகன் வில்லார் மாளிகையை பிரலேன் கோமகனுக்கு விற்றார். இந்த இடத்தில் தமிழ் வாசகர் சற்று நிற்க வேண்டும். ஃபூக்கேயை வீழ்த்திய கோல்பேர்தான் 1664இல், அதாவது ஃபூக்கேக்குத் தீர்ப்பான அதே ஆண்டில், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனிதான் பத்து வருஷத்தில் புதுச்சேரிக்கு வந்து இறங்கியது. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்தபின் புதுச்சேரி இடித்துத் தள்ளப்பட்டது. அந்த ஊர் பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைத்தது 1763 பிப்ரவரியின் பாரிஸ் உடன்படிக்கையால். அதில் பிரான்ஸ் சார்பில் கையெழுத்திட்டவர் அன்றைய வெளியுறவு அமைச்சரான இந்த பிரலேன் கோமகன்தான். அடுத்த வருஷம் வோ மாளிகையை வாங்கினார். பின்பு கடற்படை அமைச்சரானார். அவர் பெயரைத்தான் செஷல்ஸ் தீவுக்கூட்டத்தின் ஒரு தீவு இன்றும் தாங்கியிருக்கிறது. இரட்டைத் தேங்காய் விளையும் பிரலேன் தீவு அதுவே.

மாளிகை இப்போது வோ-பிரலேன். ஒவ்வொருவரும் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். புரட்சியையும் அது தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. 1847 ஆகஸ்ட் 17 அன்று அப்போதைய கோமகன் மனைவி மக்களோடு வோவிலிருந்து பாரிஸ் வந்தார். விடிவதற்குள் அவர் மனைவி ஃபானி தம் படுக்கையறையில் கொடூரமாகக் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். சந்தேகம் கணவர் மீது விழுந்தது. பிரபுக்கள் சபைதான் அவரை விசாரிக்க முடியும். அது கூடும் முன்பே அவர் ஆர்சனிக் குடித்தார், சில நாளில் இறந்தார். பிரபு என்பதால் தப்பவிட்டார்கள் என்று தெருவில் ஜனங்கள் கொதித்தார்கள். ஆறு மாதத்தில் நடந்த 1848 புரட்சிக்கு இந்தக் கோபமும் ஒரு விறகு. மாளிகை பூட்டிக் கிடந்தது.

ஆக, 1875இல் ஏலத்துக்கு வந்தது வெறும் கட்டடம் அல்ல. திரை போய், சிலை போய், குழாய் போய், கடைசியில் பெயரும் கெட்டுப்போன ஓர் எலும்புக்கூடு.

எடுத்தவர் ஆல்ஃபிரட் சொமியே. பாரிஸின் லா வில்லெத் பகுதியில் சர்க்கரை சுத்திகரிப்பு ஆலை நடத்திய குடும்பம். அப்போது வயது நாற்பது. பிரபு வம்சம் இல்லை. அவருக்கு முன் இருந்த இரண்டு குடும்பங்களும் வீட்டின்மேல் தங்கள் பெயரை ஒட்டினார்களே, இவர் அதைச் செய்யவில்லை. வோ-சொமியே என்று ஒரு மாளிகை பிறக்கவில்லை, வோ-லெ-விகோம்ட் என்ற பழைய பெயர் திரும்பியது. அவருடைய மனப்பாங்கு இதிலேயே தெரிந்துவிடுகிறது.

கட்டடத்துக்கு தெஸ்தாயர் என்ற கட்டடக் கலைஞரையும் தோட்டத்துக்கு எலி லேனேயையும் அமர்த்தினார். கூரையைச் சரிசெய்வது எளிது, காணாமல்போன தோட்டத்தை எங்கே தேடுவது? 17ஆம் நூற்றாண்டில் இஸ்ரயேல் சில்வெஸ்தர் என்ற ஓவியர் வோவைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டிருந்தார். அந்தப் படங்கள் கைகொடுத்தன. மண்ணைத் தோண்டினார்கள், பழைய மட்டங்களைக் கண்டுபிடித்தார்கள், புதர்களை அகற்றினார்கள், தண்ணீருக்குப் புதுக் குழாய்கள் பதித்தார்கள். காலியான அறைகளுக்குப் பொருத்தமான பழைய மேசை நாற்காலிகளையும் திரைகளையும் அவர் தேடித் தேடி வாங்கினார். 1891இல், நடுக்கோட்டின் கடைசியில், ஃபூக்கே வைக்க நினைத்து முடியாமல்போன ஹெர்குலிஸ் சிலையின் பெரிய பிரதி ஒன்று மேட்டில் ஏறியது. 1908இல் சொமியே இறக்கும்வரை, முப்பத்துமூன்று வருஷம், இதே வேலை.

லெ நோத்ரின் தோட்டத்தை ஏன் இவ்வளவு பாடுபட்டு மீட்க வேண்டும் என்று கேட்கலாம். அது செய்யும் வேலையைச் சொன்னால்தான் புரியும். மாளிகைப் படியில் நின்று பார்த்தால் முழுத் தோட்டமும் ஒரே பார்வையில் அகப்பட்டுவிட்டதாகத் தோன்றும். கிட்டே ஒரு வட்டக் குளம், தள்ளி ஒரு சதுரக் குளம், அதற்கு அப்பால் உடனே ஒரு செயற்கைக் குகைச் சுவர். நடந்தால்தான் சூட்சுமம் தெரியும். தூரத்துக் குளத்தைக் கிட்டத்துக் குளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக வெட்டியிருக்கிறார். தூரம் சிறிதாக்கிக் காட்டும் என்பதால், படியிலிருந்து இரண்டும் ஒத்த அளவாய்த் தெரிகின்றன. சதுரக் குளத்தை அடைந்தபின் குகை இன்னும் தள்ளிப் போயிருக்கிறது. இன்னும் நடந்தால் நிலம் திடீரென்று கீழே இறங்கி, காலடியில் ஒரு பெரிய கால்வாய் குறுக்கே கிடக்கிறது, ஒரு கிலோமீட்டரை நெருங்கும் நீளம். படியிலிருந்து அது கண்ணில் படவேயில்லை. குகை அக்கரையில் இருக்கிறது, கால்வாயைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சரிவு பிசகினாலும், ஒரு மட்டம் ஓரடி ஏறினாலும் இந்தக் கண்கட்டு நடக்காது. வயலாக உழுதிருந்தால் எந்தச் செப்புத்தகட்டுப் படத்தைப் பார்த்தும் இதைத் திரும்பக் கட்டியிருக்க முடியாது. நிலத்தின் மட்டங்கள் புதருக்கடியில் அப்படியே உறங்கியதால்தான் முடிந்தது. முப்பது வருஷப் புறக்கணிப்பு இந்த ஒரு விஷயத்தில் தோட்டத்தைக் காத்தது.

இது லெ நோத்ரின் தோட்டமா, 19ஆம் நூற்றாண்டின் கற்பனையா என்று வல்லுநர்கள் கேட்பது உண்டு. மாளிகைக்கு முன் தரையில் பின்னல் கோலமாய் விரிந்த குட்டைச் செடி வரிசைகளை 1920களில் அஷில் துஷேன் என்ற தோட்டக் கலைஞர் நட்டார். அவரும் சில்வெஸ்தரின் படங்களைத்தான் பார்த்தார். செடிகள் புதியவை, சந்தேகமில்லை. எந்தத் தோட்டத்திலும் செடி புதியதுதான். எலும்பும் மட்டமும் தண்ணீரின் இடமும் லெ நோத்ருடையவை. எனக்கு அது போதும்.

சொமியேக்குப் பின் மகன் எட்மும் மருமகள் ஜெர்மேனும். ஜெர்மேன் முன்னாள் குடியரசுத் தலைவர் கசிமீர்-பெரியேயின் மகள். முதல் உலகப் போரில் மாளிகையின் வெளிக்கட்டடங்களில் அவர் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனை நடத்தினார். அவர்களுக்குப் பிள்ளையில்லை, மாளிகை தங்கை வழிப் பிள்ளையான வோக்யுவே குடும்பத்துக்குப் போனது. 1967இல் பாத்ரீஸ் த வோக்யுவேக்குத் திருமணப் பரிசாக அவர் தந்தை இதைக் கொடுத்தார். பரிசு என்று பெயர், உண்மையில் சுமை. மறுவருஷமே அவரும் மனைவி கிறிஸ்தீனாவும் வாயிலைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவர்கள் தொடங்கிய கோடைக்கால மெழுகுவர்த்தி இரவுகளில் இரண்டாயிரம் திரிகள் எரிகின்றன. அந்த நுழைவுச் சீட்டுப் பணமும் படப்பிடிப்பு வாடகையும்தான் கூரைக்கும் குழாய்க்கும் போகின்றன. ஜேம்ஸ் பாண்ட் படமான ‘மூன்ரேக்க’ரில் வில்லனின் வீடாக வருவது இந்த மாளிகைதான்.

எல்லா மாளிகைக்கும் ஒரு சொமியே கிடைப்பதில்லை. நெப்போலியன் சட்டத்தொகுப்பு பிள்ளைகளுக்குச் சொத்தைச் சமமாகப் பிரிக்கிறது. நாலு பிள்ளை என்றால் ஒரு கூரைக்கு நாலு உரிமை, பழுதுச் செலவை ஏற்க ஆளில்லை. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவான நினைவுச்சின்னம் என்றால் அனுமதியில்லாமல் ஒரு மாற்றமும் செய்ய முடியாது. அதனால்தான் பிரான்ஸில் எந்த நேரமும் நாட்டுப்புற மாளிகைகள் விற்பனைக்கு இருக்கின்றன, விலை சில சமயம் பாரிஸ் அடுக்குமாடி வீட்டைவிடக் குறைவாக. வாங்குவது சுலபம், அடுத்த இருபது வருஷம்தான் கடினம். மேற்கு பிரான்ஸில் லா மோத்-ஷாந்தெனியே என்ற மாளிகை 1932இல் தீப்பிடித்து எரிந்தது. உள்ளே மரங்கள் முளைத்துக் கூரைவழி வெளியே வந்தன. பல கை மாறியும் யாராலும் எடுத்து நிறுத்த முடியவில்லை. 2017இல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த இருபத்தைந்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இணையம் வழியாக ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதை ஐந்து லட்சம் யூரோவுக்கு வாங்கினார்கள். ஒரு சர்க்கரை ஆலைக்காரர் தனியாகத் தாங்கியதை இங்கே ஓர் ஊரளவு ஜனம் சேர்ந்து தாங்குகிறது. நிலைக்குமா என்று முடிவு சொல்ல இருபது வருஷமாவது போக வேண்டும்.

வோவிலும் வேலை ஓயவில்லை. துஷேன் நட்ட செடிகளை அண்மையில் பூஞ்சையும் புழுவும் அரித்து, நூறு வருஷம் வளர்ந்தவற்றை வேரோடு பிடுங்க வேண்டியதாயிற்று. அதே செடியை மறுபடி நட்டால் அதே நோய் வரும். வேறு செடி என்றால் கோலத்தின் கூர்மை கெடும். இப்போது பாத்ரீஸின் மூன்று மகன்கள் மாளிகையை நடத்துகிறார்கள். 1875க்குப் பிறகு இந்தச் சொத்து விற்பனைக்கு வரவில்லை.